தயிர்ல பிபி குறையும்னு மாத்திரைய விட்டுடாதீங்க

மன்னார்குடி பக்கத்துல எங்க சித்தப்பா போன நடவு சமயம் வரப்புலயே தலை சுத்தி உக்காந்துட்டாரு, பாத்தா பிபி 180/110. மாத்திரை போடலையான்னு கேட்டா "தயிர்லயே அந்த மாத்திரை சத்து இருக்காம்ப்பா, போன்ல சொன்னாங்க, மூணு வாரமா தயிருதான்"ங்கிறாரு. சட்டைப் பையிலேர்ந்து அட்டைய எடுத்துக் காட்டுறாரு, ஒண்ணுகூட பிரிக்கல. எனக்கு உசுரே போயிடுச்சு.

அவரு கேட்டது முழுப் பொய்யும் இல்ல. பால் புளிக்கிறப்ப பாக்டீரியா அதுல உள்ள புரதத்தை சின்னச் சின்னத் துண்டா வெட்டும், அதான் பெப்டைடு. உடம்புல ஏசிஇ-ன்னு ஒரு என்சைம் ரத்தக்குழாய இறுக்குற பொருளை உண்டாக்கும், சில பெப்டைடு அந்த என்சைமைக் கொஞ்சம் தடுக்கும். பிபிக்குக் குடுக்குற எனலாப்ரில் மாத்திரையும் அதே என்சைமைத்தான் தடுக்குது. இந்த வகையில முதல்ல வந்த கேப்டோப்ரிலுக்கு (1981-ல அமெரிக்காவுல அனுமதி கெடச்சுது) வழி காட்டுனதே பிரேசில் விரியன் பாம்பு விஷத்துல இருந்த பெப்டைடுதான். ஆனா மாத்திரை வயித்துல அழியாம ரத்தத்துக்குப் போற மாதிரி செஞ்சது, சாப்பாட்டுப் பெப்டைடு பெரும்பாலும் குடல்லயே உடைஞ்சிடும். பிபி குறையுதான்னு ஜப்பான்ல ஆராய்ச்சி பண்ணுன பாலும் லாக்டோபேசில்லஸ் ஹெல்வெட்டிகஸ்ங்கிற குறிப்பிட்ட பாக்டீரியா போட்டுப் புளிக்க வச்சது, நம்ம வீட்டுல நேத்து மோரை உறை ஊத்துற தயிர்ல எந்த பாக்டீரியா எவ்வளவு இருக்குன்னு யாரு கண்டா. அந்தப் பாலுக்கே சில ஆய்வுல கொஞ்சம் பாயிண்ட்தான் குறைஞ்சுது, ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஆதாரம் போதாதுன்னுட்டாங்க.

இதைவிட எனக்கு வயித்தெரிச்சல் உப்பு. தயிர் சாதம் நல்லதுன்னு தட்டு நெறைய போட்டுக்கிட்டு பக்கத்துல மோர் மிளகா, நார்த்தங்கா ஊறுகா, அப்பளம். மோர் மிளகான்னா என்ன, உப்பு மோர்ல ஊறப்போட்டு வெயில்ல காய வச்சு, திரும்ப அதே மோர்ல ஊறப்போட்டு எடுக்குறது, பொரிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணை நாக்குல வச்சுப் பாருங்க. மத்தி மீன் பெப்டைடும் பிபிக்கு நல்லதுன்னு கேட்டுட்டு நாகப்பட்டினம் கருவாடு வாங்குறவங்களும் இருக்காங்க, அதைத் தொட்டா விரல்லயே வெள்ளையா உப்பு ஒட்டுது. ஒரு நாளைக்கு மொத்தமா 5 கிராமுக்குள்ள, அதாவது ஒரு டீஸ்பூனுக்குள்ளதான் உப்பு இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. மீன் வேணும்னா பச்சை மீனா குழம்பு வைங்க.

பெப்டைடு பவுடர்னு டப்பா டப்பாவா விக்கிறதுக்குக் காசு கொட்டாதீங்க, கிட்னி பிரச்சனை இருந்தா டாக்டரைக் கேக்காம எந்தப் புரோட்டீன் பவுடரும் வேணாம். சோடியம் கம்மியான உப்புலயும் கவனம், அதுல பொட்டாசியம் இருக்கு, எனலாப்ரில் மாதிரி மாத்திரை போடுறவங்களுக்கு ரத்தத்துல பொட்டாசியம் ஏறிட்டா இதயத் துடிப்பே தடுமாறும்.

அப்புறம், டீ குடிச்ச கையோட பிபி பாத்துட்டு தயிர் வேலை செய்யுது செய்யலன்னு முடிவு பண்ணாதீங்க. டீ குடிச்சு அரை மணி நேரம் போகட்டும், அஞ்சு நிமிஷம் சாய்ஞ்சு உக்காந்து, பேசாம, சட்டைக் கைய ஒதுக்கிட்டுப் பாருங்க.

சித்தப்பா மாத்திரைய விட்டதுக்கு இன்னொரு காரணம் அப்புறமாத்தான் தெரிஞ்சுது, ராத்திரியில வறட்டு இருமலாம். எனலாப்ரில் வகை மாத்திரையில சில பேருக்கு அது வரும், வந்தா நீங்களா நிறுத்தாம டாக்டர்கிட்ட சொல்லுங்க, வேற வகை இருக்கு, அவருக்கும் அப்படித்தான் மாத்திக் குடுத்தாங்க.