அக்சஸ் படிவத்தில் பொத்தானை அழுத்தியதும் மேக்ரோ நின்றுவிட்டால்

மைக்ரோசாஃப்ட் அக்சஸ் படிவத்தில் ஒரு பொத்தானை அழுத்தியதும் மேக்ரோ (செயல்களை வரிசையாகத் தானே செய்து முடிக்கும் கட்டளைத் தொகுப்பு) நின்றுபோய், 2950 என்ற பிழை எண் தோன்றினால், மேக்ரோவைத் திருத்தப் புகுவதற்கு முன் அந்தக் கோப்பு நம்பகமான இடத்தில் உள்ளதா என்று பாருங்கள். நம்பகம் பெறாத கோப்பில் சில மேக்ரோ செயல்களை அக்சஸ் தடுத்துவிடுவதால், பிழையே இல்லாத மேக்ரோவும் பழுதானதுபோல் தோன்றும். ஆப்ஷன்ஸ் பகுதியிலுள்ள டிரஸ்ட் சென்டரில், தரவுத்தளத்துக்கென்றே ஒதுக்கிய ஒரு ஃபோல்டரை டிரஸ்டட் லொகேஷனாகச் சேர்த்தால் போதும். எல்லாக் கோப்புகளும் வந்து விழும் டவுன்லோட்ஸ் ஃபோல்டரை மட்டும் தயவுசெய்து சேர்க்காதீர்கள்.

அதன் பிறகும் பிழை நீடித்தால், மேக்ரோவை டிசைன் வியூவில் திறந்து, சிங்கிள் ஸ்டெப் பொத்தானை அழுத்திவிட்டு ஓட்டுங்கள். ஒவ்வொரு செயலும் அதற்குரிய மதிப்புகளுடன் ஒவ்வொன்றாகத் தெரியும். பிழை எண் பூஜ்யமாக இருக்கும்வரை சிக்கல் இல்லை என்று பொருள். என் அனுபவத்தில், பெரும்பாலும் குற்றவாளி, எந்தப் பதிவுகளை எடுக்க வேண்டும் என்று சொல்லும் வேர் கண்டிஷன் (Where Condition) என்ற நிபந்தனைதான்: புலத்தின் பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கும், உரை மதிப்பைச் சுற்றி ஒற்றை மேற்கோள்குறி விடுபட்டிருக்கும், அல்லது புதிய பதிவில் ரசீது எண் இன்னும் காலியாக இருப்பதால் நிபந்தனை '[ரசீதுஎண்]=' என்று பாதியிலேயே நின்றிருக்கும். காலி மதிப்புக்குப் பதிலாக வேறு மதிப்பைத் தரும் என்இசட் (Nz) செயற்கூறுக்குள் அந்தப் புலத்தை வைத்து, மாற்று மதிப்பாகப் பூஜ்யத்தைக் கொடுத்தால் இந்தக் கடைசிச் சிக்கல் தீரும்.