"கடைசி நேரத்துலதானுங்க எனக்கு ஓடும்"

பெருந்துறைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கணிதம் நடத்துகிறேன். எங்கள் செட் பையன்கள் எப்படி அரியர் வைத்தோமோ, அதே வழியில் முதலாண்டுப் பிள்ளைகளும் போவதைப் பார்க்கப் பொறுக்காமல், அரியரில் கொண்டுபோய் விடும் நான்கு பழக்கங்களைப் பற்றி எழுதுகிறேன். போனைத் தள்ளி வை, நேரத்துக்குத் தூங்கு என்பதெல்லாம் வீட்டிலேயே சொல்லியிருப்பார்கள்.

"என் சுபாவமே இப்படித்தான்"

இதைக் கேட்டால் இன்றும் எரிச்சல் வருகிறது. சத்தியமங்கலத்திலிருந்து காலேஜ் பஸ்ஸில் வரும் ஒரு பையன், நல்ல கெட்டிக்காரன். அசைன்மென்ட் எங்கே என்றால், "கடைசி நேரத்துலதானுங்க சார் எனக்கு ஓடும்" என்பான். இன்டர்னல் தேர்வுகளை முந்தின நாள் ராத்திரி படித்தே தாண்டினான். செமஸ்டரில் ஐந்து யூனிட்டும் சேர்ந்து வந்தது. மேட்ரிக்ஸ் பாடத்தில் வரும் ஐகன் மதிப்புக் கணக்கின் வழிமுறை அவனுக்குத் தெரியும். போட்டுப் பழகாததால் கை ஓடவில்லை. ஒரு மைனஸ் குறி தப்பி, அதைத் தேடியே நேரம் போய்விட்டது. அரியர்.

ஒத்திப்போடும் மாணவர்களைப் பற்றி டைஸ், பௌமைஸ்டர் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் 1997-இல் ஆய்வு வெளியிட்டார்கள். அந்த மாணவர்களுக்கு செமஸ்டர் தொடக்கத்தில் மன அழுத்தம் குறைவு. அதனால்தான் இந்தப் பழக்கம் சுகமாகத் தெரிகிறது. கடைசியில் அழுத்தமும் உடல்நலக் கோளாறும் மற்றவர்களைவிட அதிகம், மதிப்பெண்ணும் குறைவு.

ஆளுமையை ஐந்து குணங்களாகப் பிரித்துப் பார்ப்பார்கள். அவற்றில் மதிப்பெண்ணோடு அதிகம் ஒட்டி வருவது, எடுத்ததைப் பொறுப்பாக முடிக்கும் குணம். சரி, அது பிறவியிலேயே வர வேண்டுமா? அன்று நடத்திய கணக்கில் இரண்டை அன்று சாயங்காலமே போட்டுப் பார்க்க எந்தச் சுபாவமும் தடை இல்லை, சாமி. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் தியரி பாடங்களுக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் 60. அந்த 40 செமஸ்டர் முழுக்கச் சேர்வது. ஒரே ராத்திரியில் வராது.

நாளைக் குறைத்துக் கணக்குப் போடுவது

1994-இல் வெளியான உளவியல் ஆய்வாளர் புயூலர் குழுவின் ஆய்வில், ஆய்வேட்டை முடிக்க மாணவர்கள் சராசரியாக 34 நாள் ஆகும் என்றார்கள், ஆனது 55-க்கும் மேல். நம் பக்கம் ஜனவரிக்குப் பிறகு மஞ்சள் வெட்டு, பங்குனியில் பண்ணாரி அம்மன் கோயில் குண்டம், ஊர் நோம்பி, நடுவில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். இவை எல்லாம் முன்கூட்டியே தெரிந்தவை. காலண்டரில் முதலில் இவற்றைக் குறியுங்கள், அப்புறம் ப்ராஜெக்ட்டுக்கு நாள் பிரியுங்கள்.

திரும்பத் திரும்ப வாசிப்பது

நோட்டை மூடிவிட்டு எழுதிப் பாருங்கள்.

பஸ்ஸிலேயே எல்லாம் படித்துவிடலாம் என்பது

சூத்திரங்களைச் சொல்லிப் பார்க்கலாம். கணக்குப் போட மேசை வேண்டும்.