சிறுநீர்த் தொல்லையில் இளைஞர்கள் செய்யும் தவறுகள்

இருபத்தைந்து வயதில் சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போனால் யாரும் புற்றுநோயை நினைப்பதில்லை. அது நியாயம்தான். கிருமித்தொற்று, கல், சிறுநீர்ப்பாதை சுருக்கம், புராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) வீக்கம் என்று பெரும்பாலும் சாதாரணக் காரணம்தான் இருக்கும். ஆனால் மருந்து கேட்காதபோதும் அதையே நம்பிக்கொண்டிருந்தால்தான் சிக்கல்.

கல்ச்சர் (சிறுநீரில் எந்தக் கிருமி வளர்கிறது என்று பார்க்கும் சோதனை) எடுக்காமல் ஆன்டிபயாடிக்கை மாற்றி மாற்றி விழுங்குவது முதல் தவறு. பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் மறுபடி வாங்குவது இன்னும் மோசம். கல்ச்சரில் கிருமி இல்லை, மாத்திரை முடிந்தும் அடைப்பு தீரவில்லை, மலம் கழிக்கவும் சிரமம் என்றால் அடுத்த கோர்ஸுக்கு முன் ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். புராஸ்டேட்டில் வரும் சார்கோமா என்ற புற்றுநோய் மிக அரிது. ஆனால் சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும்கூட வரும். வேகமாக வளர்ந்து சிறுநீர்ப்பையையும் மலக்குடலையும் நெருக்கும்.

இங்கே ‘பி.எஸ்.ஏ. நார்மல்’ என்ற ரிப்போர்ட் (புராஸ்டேட் புற்றுநோய்க்காகப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை) பலரை ஏமாற்றிவிடுகிறது. பி.எஸ்.ஏ.வைச் சுரப்பது சுரப்பிச் செல்கள். சார்கோமாவோ தசை, இணைப்புத் திசு வகையில் கிளம்புவது. அதனால் கட்டி பெரிதாக இருந்தாலும் அந்த எண் பெரும்பாலும் ஏறாது. ஆசனவாய் வழியே மருத்துவர் விரலால் தொட்டுப் பார்ப்பது, எம்.ஆர்.ஐ. ஸ்கேன், திசுத்துண்டு எடுத்துச் சோதிக்கும் பயாப்சி இவைதான் விஷயத்தைச் சொல்லும். முதல் சோதனைக்கு வெட்கப்பட்டு ‘வேண்டாம் டாக்டர்’ என்று எழுந்துவிடாதீர்கள், ஒரு நிமிட வேலை.

வலியில்லாமல் ஒருமுறை சிறுநீரில் ரத்தம் போய் நின்றுவிட்டால், ‘சூடு’ என்று இளநீர் குடித்துவிட்டு மறந்துவிடுகிறோம். சிறுநீர்ப்பைக் கட்டியில் ரத்தம் அப்படித்தான் விட்டு விட்டு வரும். புகைபிடிப்பவர் கூடுதலாகவே கவனிக்க வேண்டும். (பீட்ரூட்டோ காசநோய்க்கான ரிஃபாம்பிசின் மாத்திரையோ சாப்பிட்டிருந்தால் நிறம் மாறும், அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.) சிறுநீரில் சளி போல வழவழவென்று வந்தாலும் சொல்ல வேண்டும். சிறுநீர்ப்பையின் உச்சியில் தோன்றும் யூராக்கல் புற்றுநோயில் அப்படி வரலாம்.

சிறுநீர் கழிக்கும்போதே படபடப்பு, தலைவலி, வியர்வை வந்தால் ‘டென்ஷன்’ என்று தள்ளிவிடாதீர்கள். சிறுநீர்ப்பையில் பாராகாங்லியோமா எனும் அபூர்வக் கட்டி இருந்தால் ரத்த அழுத்தம் திடீரென எகிறும். பயாப்சிக்கு முன்பே இதைச் சொல்லிவிட வேண்டும். முன்னேற்பாடு இல்லாமல் அந்தக் கட்டியைத் தொட்டால் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம்.

சிறுநீர் அடியோடு நின்று அடிவயிறு உப்பி வலித்தால் தண்ணீர் குடித்துத் ‘தள்ளி’ப் பார்க்காதீர்கள். உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்; முதலில் குழாய் வைத்து வெளியேற்றுவார்கள், காரணத்தை அப்புறம் தேடலாம்.