என்கவுன்டர் செய்தியைச் சட்டத்தின் கண்கொண்டு படிப்பது எப்படி?

காவல்துறை ஒருவரைச் சுட்டுக் கொன்றதாகச் செய்தி வந்ததும், இறந்தவர் மீது எத்தனை வழக்குகள் நிலுவையில் இருந்தன என்பதையே நம்மில் பலரும் முதலில் தேடுகிறோம். சுட்டது சரியா என்று அறிய விரும்புகிறவர் அந்தப் பட்டியலை ஒதுக்கிவிட்டு, துப்பாக்கி வெடித்த நொடியில் யாருடைய உயிருக்கு ஆபத்து இருந்தது என்று கேட்க வேண்டும்.

இத்தகைய சம்பவங்களில் காவல்துறை வழக்கமாகச் சொல்லும் காரணம் தற்காப்பு. நாட்டின் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தரும் அந்த உரிமை காவல் ஆய்வாளருக்கும் நமக்கும் ஒன்றுதான். உயிர் போகும் அல்லது கொடுங்காயம் ஏற்படும் என்று அஞ்ச நியாயமான காரணம் இருந்தால், எதிராளியின் உயிரைப் பறிக்கும் அளவுக்குக்கூட அது நீளும். ஆனால் தற்காப்புக்குத் தேவையானதற்கு மேல் தீங்கு செய்ய அது இடம் தராது. அரிவாளை ஓங்கியவர் அதை எறிந்துவிட்டு ஓடத் தொடங்கினால், ஆபத்தோடு உரிமையும் முடிந்துவிடுகிறது.

ஓடுகிறவரைப் பிடிப்பது வேறு விஷயம். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். கைதை எதிர்ப்பவரிடம் தேவையான பலத்தைப் பயன்படுத்தலாம் என்று கூறும் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 43ஆம் பிரிவு, மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றம் சாட்டப்படாதவரைக் கொல்லும் உரிமை இதனால் கிடைக்காது என்றும் வரம்பு கட்டுகிறது. அப்படியானால் கொலை வழக்கில் தேடப்படுபவரைச் சுட்டுவிடலாம் என்று இதைத் திருப்பிப் படிப்பது தவறு. அங்கும் கைது செய்ய வேறு வழியே இல்லாதிருக்க வேண்டும். குற்றவாளி என்பதற்காகவே ஒருவரைக் கொல்வது காவலரின் கடமையன்று என உச்ச நீதிமன்றம் 2012இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

அடுத்து, தடயங்களைக் கவனியுங்கள். குண்டு முதுகு வழியாக நுழைந்ததா? காயத்தைச் சுற்றி வெடிமருந்துக் கரியோ தீய்ந்த தடமோ இருந்தால், தூரத்திலிருந்து சுட்டதாகக் கூறும் செய்திக்குறிப்பு பொருந்தாது. 2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் வகுத்த 16 நெறிமுறைகள் இவற்றைப் பாதுகாக்கவே உதவுகின்றன: முதல் தகவல் அறிக்கை பதிவாக வேண்டும், சிஐடியோ வேறு காவல் நிலையக் குழுவோ விசாரிக்க வேண்டும், பிரேதப் பரிசோதனையை இரு மருத்துவர்கள் செய்து வீடியோவில் பதிய வேண்டும், சம்பவம் நடந்த கையோடு பதவி உயர்வோ வீரப் பதக்கமோ வழங்கக் கூடாது.

2019 டிசம்பர் 6 அதிகாலையில், ஐதராபாத் கால்நடை மருத்துவர் கொலை வழக்கில் கைதான நால்வர் சட்டான்பள்ளியில் சுடப்பட்டபோது, அங்கிருந்த போலீசார் மீது மக்கள் பூத்தூவினார்கள். கைதானவர்கள் துப்பாக்கியைப் பறித்துத் தங்களைச் சுட்டார்கள் என்பது போலீஸ் தரப்பு. உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையமோ அதை நம்ப முடியாதென்றும், கொல்லும் நோக்கத்தோடேயே போலீசார் சுட்டார்களென்றும், இறந்தவர்களில் மூவர் சிறார்களென்றும் முடிவு செய்து, 10 போலீசார் மீது கொலை வழக்கு நடத்தப் பரிந்துரைத்தது. ஆணையத்தின் முடிவு தீர்ப்பாகிவிடாது. ஆனால் பூத்தூவியவர்கள் கேட்காத கேள்விகளை அது கேட்டது.

நெறிமுறைகள் மீறப்பட்டதாகக் கருதும் குடும்பத்தினர், சம்பவ இடம் எந்த அமர்வு நீதிபதியின் வரம்புக்குள் வருகிறதோ அவரிடமே முறையிடலாம்.