பக்கத்து ஊர் வானம் உங்கள் வீட்டுக்கு ஆகாது

கோவில்பட்டிக்கு வடக்கே வீடு கட்டிய என் மாமா, திசையன்விளையிலிருந்து தெரிந்த கொத்தனாரைக் கூட்டிப்போனார். நல்ல வேலைக்காரர்தான். தன் ஊர்ப் பழக்கத்தில் மூன்றடி வானம், அதாவது அஸ்திவாரக் குழி, தோண்டினார். இரண்டாம் வருஷமே ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடியது. பின்வாசல் கதவு கார்த்திகையில் சாத்தாது, சித்திரையில் தானாகச் சரியாகிவிடும். அவர் கை பழகியது தேரி எனும் செம்மணலுக்கு. இங்கே இருந்ததோ கரிசல்.

திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி 1986இலும் தென்காசி 2019இலும் தனி மாவட்டமாகப் போய்விட்டன. ஆனால் சொந்தபந்தமும் கொத்தனார்களும் பிரியவில்லை, அதனால்தான் இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது. வடக்கே கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கம் கரிசல். தாமிரபரணிக் கரையில் அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி வயக்காடெல்லாம் வண்டல். தெற்கே திசையன்விளை, சாத்தான்குளம் பக்கம் தேரி.

கரிசலில் பலரும் ஏமாறுவது அதன் கெட்டியைப் பார்த்துத்தான். பங்குனியில் கடப்பாரை போட்டால் பாறை மாதிரி எதிர்க்கும். பக்கத்திலேயே கை நுழையும் வெடிப்பு இருக்கும், அதை யாரும் கவனிப்பதில்லை. அதே மண் ஐப்பசி மழையில் உப்பி வானத்தையே தூக்கும். சோதனை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. காய்ந்த மண்ணை நைஸாகச் சலித்து, பத்துப் பத்து கிராமாக இரண்டு அளவு குழாய்களில் போட்டு, ஒன்றில் தண்ணீரும் மற்றதில் மண்ணெண்ணெயும் ஊற்றி ஒரு நாள் விட வேண்டும். மண்ணெண்ணெயில் மண் உப்பாது. தண்ணீரில் உள்ளது அதைவிட 50 சதவீதத்துக்கு மேல் ஏறி நின்றால், சாதா வானத்தை மறந்துவிடுங்கள். அடியில் குமிழ் வைத்த கான்கிரீட் தூண், அதாவது அண்டர் ரீம்டு பைல், இறக்குவதுதான் வழி. மழையும் வெயிலும் மண்ணை அசைக்கும் ஆழத்தைத் தாண்ட வேண்டும் என்பதால் வழக்கமாக மூன்றரை மீட்டர் வரை போவார்கள்.

அப்புறம், தோண்டிய கரிசலையே பேஸ்மட்டத்துக்குள் கொட்டுவது. லாரி வாடகை மிச்சம்தான், ஆனால் அடுத்த மழைக்கு டைல்ஸ் எழும்பும். சரள்தான் நிரப்ப வேண்டும்.

ஆற்றோர வயல் பிளாட்டில் சிக்கல் வேறு. 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்கள் மனையை மேடாக்க நினைப்பது நியாயம். ஆனால் அடித்த சரள் உயரத்துக்குத்தான், வானத்தின் அடி அதில் உட்காரக் கூடாது. நிரப்பியதையும் சேற்றையும் தாண்டிக் கெட்டித் தரை வரை போக வேண்டும்.

தேரிக்கு இருக்கும் கெட்ட பெயரில் பாதி வீண். அது உப்பாது. தோண்டும்போது பக்கம் சரியும், மேல்மண் இளகலாக இருக்கும், அவ்வளவுதான். அகலமாகத் தோண்டி, தண்ணீர் விட்டுத் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கினால் சாதாரண வீட்டுக்குப் பெரும்பாலும் போதும்.

முன்பணம் கொடுக்கும் முன்னால், பக்கத்தில் உள்சுவர் கட்டாத கிணறு இருந்தால் எட்டிப் பாருங்கள். கரிசல் எத்தனை அடி, சுக்கான் எனும் சுண்ணாம்புக் கல் அடுக்கு எங்கே தொடங்குகிறது, பாறை எங்கே என்று அடுக்கடுக்காகத் தெரியும். பிறகு மனையின் எதிரெதிர் மூலைகளில் துளை போட்டு மண் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். நடுவில் ஒரு துளை மட்டும் போட்டால், மூலையில் மூடிக் கிடக்கும் பழைய ஓடை தெரியாமலே போய்விடும்.