மினுங்கும் தரையா? முதலில் ஒரு பாய்!

ட்ரெட்மில்லை வாங்குமுன் அதன் உருவத்தைக் கைபேசிக் கமராக் காட்சியில் வீட்டுக்குள் நிறுத்திப் பார்க்கும் செயலியை வடிவமைப்பவர்கள், “தரையில் நிறப்பாய் ஒன்றை விரியுங்கள்” என்ற வரியை முதல் திரையிலேயே போட்டுவிடுங்கள். பனையோலைப் பாய் போதும். விரித்த பத்திரிகைத் தாளும் சரிதான்.

கமரா தரையை அடையாளம் காண்பது அதிலுள்ள புள்ளி, கோடு, நிறமாற்றங்களை வைத்துத்தான். யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளின் மினுக்கிய சிவப்புச் சீமெந்து விறாந்தையில் அவை எதுவும் இல்லை. யன்னல் வெளிச்சம் மட்டுமே பளபளக்கிறது. அதனால் திரையில் இயந்திரம் அந்தரத்தில் மிதக்கிறது, வாடிக்கையாளர் செயலியைத் திட்டுகிறார். பார்த்து முடியும்வரை பாயை இழுக்கக் கூடாது.

லேசர் ஒளியால் தூரத்தை அளக்கும் லைடார் உணரி உள்ள ஐபோன் புரோ வகைகளுக்கு (2020இல் வந்த 12 புரோ முதல்) பெரும்பாலும் பாய் தேவையில்லை. இருட்டறையில் பாயும் உதவாது. விளக்கைப் போடச் சொல்லுங்கள்.