தினமும் காலையில் புதிதாக ஒப்புக்கொடுப்பது எப்படி?

கன்வென்ஷன் என்கிற சபைக் கூட்டங்களின் கடைசி நாளில், பாட்டு மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும்போது முன்னால் போய் முழங்கால் போட்டு, தேவனுக்குத் தங்களை ஒப்புக்கொடுத்து அழுதவர்கள் நம்மில் நிறைய பேர். நான் மூன்று தடவை போயிருக்கிறேன். வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் எல்லாம் நன்றாகப் போகும், அப்புறம் பழையபடி அதே கோபம், அதே சோம்பல், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேதாகமம். தன் சிலுவையை எடுத்துக்கொண்டு என்னைப் பின்பற்றக்கடவன் என்று இயேசு சொன்னதை மத்தேயு, மாற்கு, லூக்கா மூவருமே எழுதியிருக்கிறார்கள். ஆனால் அதில் ‘அனுதினமும்’ என்ற சொல் லூக்கா 9:23இல் மட்டும்தான் இருக்கிறது. எனக்கு வேண்டியிருந்தது அந்தச் சொல்தான் என்று புரிய ரொம்ப நாள் ஆனது.

வேலை முந்தின இரவே ஆரம்பிக்கிறது. போனை வேறு அறையில் சார்ஜ் போடுங்கள். அலாரத்துக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள், நூறு இருநூறு ரூபாய்க்குச் சின்ன கடிகாரம் கிடைக்கும், வாங்கிக்கொள்ளுங்கள். கண் விழித்ததும் வாட்ஸ்அப்பைத் திறந்தவன் அதற்கப்புறம் ஜெபிப்பது, பந்தி முடிந்தபின் இலை போடுவது மாதிரி. குடும்ப குரூப்பில் வரும் வசனப் படமும் அந்தக் கணக்கில் சேராது, சொல்லிவிட்டேன்.

எழுந்ததும் முகம் கழுவுகிறீர்கள் அல்லவா, அங்கேயே தொடங்கலாம். ஜெர்மன் சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1529இல் எழுதிய ‘சிறிய ஞானோபதேசம்’ என்ற கேள்வி-பதில் போதனைப் புத்தகத்தில், நமக்குள் இருக்கும் பழைய மனிதன் தினமும் மனந்திரும்புதலால் மூழ்கிச் சாக வேண்டும், புது மனிதன் தினமும் எழும்ப வேண்டும், தண்ணீரில் பெறும் ஞானஸ்நானத்தின் பொருள் அதுதான் என்கிறார். கார்த்திகை மாதத்துக் குழாய்த் தண்ணீர் சில்லென்று முகத்தில் படும்போது “ஆண்டவரே, நான் உம்முடையவன்” என்று வாய்விட்டுச் சொல்கிறேன். அவ்வளவுதான். அதே புத்தகத்தில் காலை ஜெபத்துக்கு லூத்தர் சொல்லும் முறையும் எளிது: விசுவாசத்தை அறிக்கையிடும் விசுவாசப்பிரமாணம், இயேசு கற்பித்த பரமண்டல ஜெபம், விருப்பமிருந்தால் ஒரு சின்ன ஜெபம், பிறகு சந்தோஷமாக வேலைக்குப் போ. இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். ஐந்து மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் ஜெபிக்கிறவர்களைப் பார்த்துப் பயந்து ஒன்றுமே செய்யாமல் இருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

வேத வாசிப்புக்குப் பெரிய திட்டம் போடாதீர்கள். ஒரே வருடத்தில் முழு வேதாகமம் என்று ஜனவரி 1இல் கிளம்பி, மூன்றாவது புத்தகமான லேவியராகமத்திலேயே கவிழ்ந்தவன் சொல்கிறேன். மாற்கு சுவிசேஷம் 16 அதிகாரம்தான், தினம் பாதி அதிகாரம் வாசித்தாலும் ஏறக்குறைய ஒரு மாதத்தில் முடியும். வசனச் சீட்டுகள் போட்டு வைக்கும் வாக்குத்தத்தப் பெட்டியிலிருந்து ஒரு சீட்டை எடுத்துவிட்டு நாளை ஓட்டுவதில் ஒரு சிக்கல் உண்டு: அந்தப் பெட்டியில் “உன் சத்துருவைச் சிநேகி” என்ற சீட்டு எனக்கு இதுவரை வந்ததில்லை.

அடுத்தது முக்கியம். “என்னை முழுவதும் தருகிறேன்” என்பது கேட்க நன்றாக இருக்கும், ஆனால் எதைத் தருகிறோம் என்று நமக்கே தெரியாது. அன்றைய நாளில் உங்களுக்குக் கஷ்டமான ஒன்றைப் பெயர் சொல்லிக் கொடுங்கள். பதினொரு மணி மீட்டிங்கில் ஒருவரைப் பார்த்ததும் வரும் எரிச்சல், பில்லில் கூட்டிப் போடச் சொல்லும் முதலாளிக்குச் சொல்ல வேண்டிய பதில், மூன்று மாதமாகப் பேசாத தம்பி. மெதடிஸ்ட் இயக்கத்தின் தலைவர் ஜான் வெஸ்லி 1755இல் லண்டனில் தொடங்கிய, தேவனுக்கு நம்மை மறுபடி ஒப்புக்கொடுக்கும் உடன்படிக்கை ஆராதனையை மெதடிஸ்ட் சபைகள் இன்றும் பெரும்பாலும் புத்தாண்டையொட்டி நடத்துகின்றன. அதில் ‘உமக்காக வேலை செய்ய வைத்தாலும் சரி, ஒதுக்கி வைத்தாலும் சரி’ என்ற பொருளில் ஒரு ஜெபம் வரும். வேலை போய் வீட்டில் இருந்த நாட்களில் அந்த இரண்டாவது பாதியைச் சொல்ல எனக்கு வாயே வரவில்லை. அப்படித் தடுமாறுகிற இடம்தான் அன்றைக்குக் கொடுக்க வேண்டிய இடம்.

இரவு படுக்குமுன் ஐந்து நிமிடம் போதும். காலையில் கொடுத்தது என்ன ஆனது என்று மட்டும் பாருங்கள். யாரையாவது புண்படுத்தியிருந்தால் தேவனிடம் மன்னிப்புக் கேட்டதோடு நிறுத்தாமல் அந்த ஆளுக்கே ஒரு வரி அனுப்புங்கள், “காலையில் கத்தியது தப்பு, மன்னிச்சிடு” என்று. விளக்கம் எதுவும் சேர்க்காதீர்கள், விளக்கம் சேர்த்தால் மறுபடி சண்டை.

நாள் தவறும், கண்டிப்பாகத் தவறும். பிள்ளைக்குக் காய்ச்சல், நைட் ஷிப்ட், சில நாள் வெறும் அலுப்பு. நாலு நாள் விட்டுப்போனதை ஐந்தாம் நாள் சேர்த்துக் கட்ட முயலாதீர்கள், கடன் ஏறிக்கொண்டே போய் கடைசியில் மொத்தமாகக் கைவிட்டுவிடுவோம். வனாந்தரத்தில் தேவன் தினமும் கொடுத்த மன்னா என்ற உணவை மறுநாளைக்கென்று எடுத்து வைத்த இஸ்ரவேலருக்கு அது புழுப்பிடித்து நாறியது, யாத்திராகமம் 16இல் இருக்கிறது. நேற்றைய பங்கையும் இன்று யாரும் கேட்கவில்லை. விட்ட அதிகாரத்திலேயே புத்தகக்குறியை வைத்து, கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துவிட்டுத் தூங்குங்கள்.